தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பலாகாது

பலசரக்குக் கடைக்குச் செல்பவர் தமக்கு வேண்டிய பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். துவரம் பருப்பு என்று கேட்டால் கடைக்காரர் துவரம் பருப்பையே நிறுத்துத் தருவார். அங்கே ஐயப்பாட்டுக்கு இடமில்லை. நூலகத்திற்கு வருகிறவரின் நிலையோ வேறு. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகவே அவர் வருகிறார். தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் கேள் என்றால் எவ்வாறு கேட்பார்? ஆகையால் அவர் வாயிலிருந்து வரும் முதற் கேள்வி பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். அந்த அரைக் கேள்வியை முழுக் கேள்வியாக்கி, அதற்குரிய நூல் எதுவெனக் கண்டு, அதனை அவர் கையில் கொண்டு சேர்ப்பது தனியொரு தொண்டாகும். அத்தொண்டைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரும் சாலைகள் கூடிக் கூடங்குளத்தை நோக்கிச் செல்லும் அஞ்சுகிராமத்தில், பேருந்தை விட்டு இறங்கும் அயலூரார் வழி கேட்பதை நாள்தோறும் காணலாம். கேட்கப்பட்டவர் உடனே கையை நீட்டித் திசை காட்டிவிடுவதில்லை. “எங்க போணும்? யாரைப் பாக்கணும்?” என்று முதலில் திருப்பிக் கேட்கிறார். வந்தவர் சொன்ன தெருப்பெயர் தவறாயிருந்தாலும், பார்க்க வேண்டியவர் இன்னார் என்று தெரிந்தவுடன் சரியான வழி புலப்பட்டுவிடுகிறது. நேரம் இருந்தால் முக்கு வரை உடன் நடந்து சென்று வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும் நம் ஊர்களில் இன்னும் உண்டு. திருப்பிக் கேட்பது, உடன் நடப்பது ஆகிய இவ்விரண்டுமே நூலகத்திலும் செய்ய வேண்டுவன.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் அன்பர்களுள் சிலர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு நூலகத்தின் கதவைத் திறந்து வைத்து அமர்ந்திருக்கும் இளைஞர்கள். சிலர் பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் ஆவர். ஏனையோர் நூலகம் செல்கிறவர்கள், அல்லது செல்வதற்குத் தயங்குகிறவர்கள். இம்மூவகையினருக்கும் இக்கட்டுரை உரியது.

தயக்கம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஒரு தாய், துணிவை வரவழைத்துக்கொண்டு நூலகத்தின் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “அந்த அலமாரியில் இருக்கும், பாருங்கள்” என்ற ஒரு வாக்கியத்தோடு அவரை அனுப்பிவிட்டால், வரிசை வரிசையாக நிற்கும் நூல்களின் முதுகுகளைப் பார்த்துவிட்டு அவர் ஓசையின்றி வெளியேறிவிடுவார். புகார் செய்யமாட்டார், குறை கூறமாட்டார். ‘லைப்ரரி எல்லாம் படித்தவர்களுக்கு, நமக்கு அல்ல’ என்ற முடிவோடு வீடு திரும்புவார். தம் பிள்ளைகளையும் அனுப்பமாட்டார். ஒரு நூல் கிடைக்காமற் போனதனால் ஒரு குடும்பமே வாசிப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கணித ஆசிரியர் காட்டிய வழி

இத்தொண்டுக்கு இலக்கணம் வகுத்தவர் நம் தமிழகத்தவரே என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராயிருந்தவர். 1924-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் ஆரவாரத்தில் பழகியவருக்கு அந்த அமைதி சலிப்பூட்டியது. தம்மை மீண்டும் மாநிலக் கல்லூரிக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பின்னும் விருப்பமில்லையெனில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரை அனுப்பிவைத்தார்கள்.

இலண்டனில் அவர் பல நூலகங்களைச் சென்று கண்டார். தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் நூலகத்திற்குள் வந்து தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றுச் செல்வதைப் பார்த்தபோது, இது ஊழியம் செய்வதற்கேற்ற இடம் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. 1925-இல் திரும்பி வந்தவர் கணித வகுப்பை மீண்டும் நாடவில்லை. பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகர்களே நூல்களை அணுக வழி செய்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக ஐவிதிகள் உலகெங்கும் நூலகர்களின் பாலபாடம் ஆயின. நூல்கள் பயன்படுவதற்கே உரியன. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தைப் பேண வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் போன்றது என்பன அவற்றின் சாரம்.

இவற்றுள் நடு மூன்று விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், வாசகருக்கு உதவுவது நூலகரின் உபரி வேலையன்று, தலையாய வேலையே என்பது விளங்கும். வாசகர் இருக்கிறார், நூலும் இருக்கிறது, இருவரும் சந்திக்கவில்லை என்றால் அந்நூலகம் பண்டகசாலைக்கு ஒப்பானதே. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை அவர் தொடங்கி வைத்ததும் இக்கருத்தினாலேதான். வாசகர் வர இயலாவிடின் நூல் செல்லட்டும் என்றார்.

அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராயிருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது அதுவே முதன்முறை. அச்சட்டத்தின்படியே நாம் சொத்து வரியுடன் நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ஆகவே பொது நூலகத்தில் ‘இதைத் தேடித் தாருங்கள்’ என்று கேட்பது சலுகை வேண்டுவதாகாது. அது நம் உரிமையே. கேட்பவர் இதனை நினைவிற்கொண்டால் தயக்கம் பாதி நீங்கும்.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

அமெரிக்காவில் உவூஸ்டர் என்னும் நகரின் நூலகராயிருந்த சாமுவேல் கிரீன் என்பவர், வாசகருக்கும் நூலகருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவைப் பற்றி 1876-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் திரும்பினால் கடைக்காரர் எப்படி வருந்துவாரோ, அப்படியே விடை பெறாமல் திரும்பும் வாசகரைக் குறித்து நூலகரும் வருந்த வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கடைக்காரரைவிட நூலகருக்கு வேலை சற்றுக் கடினம். ஏனெனில் கேட்கப்படுவது ஒன்று, வேண்டப்படுவது வேறொன்று.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். ஒரு பெண்மணி வந்து, “சட்டப் புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்கிறார். இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய உரைநூலை எடுத்துக் கொடுத்தால் கேட்டதைக் கொடுத்ததாகத் தோன்றும். “எதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், அம்மா?” என்று மெல்லக் கேட்டால், மாமனார் இறந்தபின் வீட்டுப் பட்டாவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தெரியவரும். அவருக்கு வேண்டியது வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் பற்றிய எளிய கையேடும், தாலுகா அலுவலகத்தில் எவரை அணுக வேண்டும் என்ற குறிப்புமே. தண்டனைச் சட்டத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மேலும் அச்சட்டத்தின் இடத்தில் 2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. நூலின் ஆண்டைப் பார்த்துக் கொடுப்பதும் உதவியின் ஒரு பகுதி என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஒரு சிறுவன் காமராசரைப் பற்றிய நூல் கேட்கிறான். ஐந்நூறு பக்க வரலாற்று நூலைத் தூக்கிக்கொண்டு போனால் அவன் இரண்டு நாளில் படிக்காமலே திருப்பிக் கொண்டுவருவான். எத்தனையாம் வகுப்பு, என்ன எழுதச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்கென்றால் ஒரு சிறு நூல் போதும். நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி என்றால், 1969-இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலில் அவர் வெற்றி பெற்ற செய்தி இருக்கும் நூலைத் தேடித் தர வேண்டும்.

முதியவர் ஒருவர், “திருவாங்கூர் ராசா கதை” கேட்கிறார். நம் பகுதி 1956 நவம்பர் முதல் நாள் வரை மலையாள நாட்டோடு இணைந்திருந்ததால் இக்கேள்வி இங்கு இயல்பானதே. ஆனால் அவர் கேட்பது எது? சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் மலையாளத்தில் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவலின் தமிழாக்கமா? அல்லது நாகம் ஐயா 1906-இலும் வேலுப்பிள்ளை 1940-இலும் எழுதிய திருவிதாங்கூர் அரசுக் கையேடுகள் போன்ற வரலாறா? முன்னது கற்பனை கலந்த கதை. பின்னவை ஆவணங்கள், ஆங்கிலத்தில் உள்ளவை. “கதையாகப் படிக்க வேண்டுமா, நடந்தது நடந்தபடி தெரிய வேண்டுமா?” என்ற ஒரு கேள்வியில் இது தெளிந்துவிடும்.

திருப்பிக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “ஏன்? உங்களுக்கு எதற்கு?” என்ற தொனி வாய்தா விசாரணை போலாகிவிடும். “இதில் எந்தப் பகுதியைத் தேடுகிறீர்கள்?”, “முன்பு ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?”, “எப்போதைக்குள் வேண்டும்?” என்ற வகையில் கேட்டால் வந்தவர் தாமே மனந்திறந்து சொல்வார். அவர் பேசும்போது இடைமறியாமல் கேட்பதும், ஏட்டில் தலை கவிழ்ந்திராமல் முகம் பார்ப்பதும் எந்தப் பாடநூலும் இன்றி எவரும் செய்யக்கூடியவை.

ஒரு பொருள், பல அலமாரிகள்

கேள்வி தெளிந்தபின் அடுத்தது இடம். கிரீன் தம் கட்டுரையை எழுதிய அதே 1876-இல், மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் அறிவுத்துறைகளைப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகப் பிரித்து எண் கொடுக்கும் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். அரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். சிறு துண்டுகளை இணைத்து வேண்டிய உருவம் செய்யும் ‘மெக்கானோ’ விளையாட்டுப் பெட்டியை இலண்டன் கடையொன்றில் கண்டதே அவருக்கு அம்முறைக்கான எண்ணத்தை அளித்தது.

இம்முறைகள் நூல்களை ஒழுங்காக நிறுத்துகின்றன. ஆயினும் வாசகரின் மனத்தில் ஒன்றாயிருக்கும் பொருள் அலமாரிகளில் பலவாகச் சிதறி நிற்கும். நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தென்னை ஒன்றுதான். டூயி முறையில் தென்னை வளர்ப்பு 634-இல் நிற்கும். தென்னையைத் தாக்கும் பூச்சியைப் பற்றிய பொதுவான நூல் 632-இல் நிற்கும். தேங்காய் எண்ணெய் எடுப்பது 664-க்கும், கயிறு திரிப்பது 677-க்கும், தேங்காய் சேர்த்த சமையல் 641-க்கும் போய்விடும். “தென்னை நூல்கள் அங்கே” என்று ஒரு திசையைக் காட்டிவிட்டால், கயிற்றுத் தொழில் தொடங்க எண்ணி வந்தவர் உரமிடும் முறையைப் படித்துவிட்டுத் திரும்புவார். எழுந்து உடன் செல்ல வேண்டுவது இதனாலேயே. முதல் அலமாரியில் இல்லையென்றால் இரண்டாவதற்கு அழைத்துச் செல்வதற்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

பங்கு நூலகத்தில் நூற்றுக்கணக்கில்தான் நூல்கள் இருக்கும். எண்முறை தேவையில்லை எனலாம். தேவையில்லாவிடினும், எந்த நூலில் எந்தச் செய்தி இருக்கிறது என்ற பொருட்குறிப்பு ஒன்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அகரவரிசையாக எழுதி வைப்பது பெரிதும் உதவும். ‘கயிறு’ என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு நூல்களின் பெயரும் பக்க எண்ணும் இருந்தால், அன்று புதிதாக வந்து அமர்ந்திருக்கும் இளைஞரும் விடை சொல்லிவிடலாம்.

ஒரே ஆசிரியர், பல பெயர்கள்

தமிழ் நூல்களைத் தேடுவதில் நமக்கே உரிய சில இடர்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது பெயர். இத்தாலியிலிருந்து வந்து ‘தேம்பாவணி’ பாடிய கான்ஸ்தந்தீன் யோசேப்பு பெஸ்கி அடிகளாரை ஒருவர் ‘பெஸ்கி’ என்பார். மற்றொருவர் ‘வீரமாமுனிவர்’ என்பார். பட்டியலில் ஒரு பெயரின் கீழ் மட்டும் நூல் குறிக்கப்பட்டிருந்தால் மற்றப் பெயரால் தேடுகிறவர் ‘இல்லை’ என்றே முடிவு செய்வார். தேரூர்க் கவிமணியைத் தேசிகவிநாயகம் பிள்ளை என்ற பெயரிலும் பார்க்க வேண்டும். நாகர்கோவில் சுந்தர ராமசாமியின் கவிதைகளை ‘பசுவய்யா’ என்ற பெயரில் தேட வேண்டும். புதுமைப்பித்தனுக்கு விருத்தாசலம் என்றும், கல்கிக்குக் கிருஷ்ணமூர்த்தி என்றும் மறுபெயர் உண்டு.

எழுத்துமுறை மற்றோர் இடர். ‘இராமாயணம்’ இகரத்தில் நிற்கும்; ‘ராமாயணம்’ ரகரத்தில் நிற்கும். நூலகவியலின் தந்தையையே அரங்கநாதன், ரங்கநாதன் என்று இரண்டு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது! 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அச்சான நூல்களில் ‘லை’, ‘னை’ போன்றவை பழைய வடிவில் இருப்பதால், இன்றைய மாணவர் அத்தலைப்புகளைப் படிப்பதிலேயே தடுமாறுகிறார். பட்டியல் எழுதுகிறவர் ‘பெஸ்கி: வீரமாமுனிவர் காண்க’ என்று ஓர் அட்டை சேர்த்துவிட்டால், வருங்காலத்தில் வரும் எத்தனையோ பேருடைய நேரம் காக்கப்படும்.

இக்காலத்தில் பல நூலகங்களில் அட்டைகளுக்குப் பதிலாகக் கணினி வந்துவிட்டது. பெரும்பாலோர் கையில் கைப்பேசியும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆயினும் கணினி நாம் தட்டிய எழுத்தைத்தான் தேடுகிறது. நம் மனத்தில் உள்ளதை அது அறியாது. ‘ராமாயணம்’ என்று தட்டினால் ‘இராமாயணம்’ வராமற் போகலாம். இரண்டையும் தட்டிப் பாருங்கள் என்று சொல்லித் தர அருகில் ஒருவர் வேண்டும்.

இங்கு இல்லையெனில் எங்கே?

அரங்கநாதன் வாசகரின் கேள்விகளை உடனடி விடைக்குரியவை, நெடுந்தேடலுக்குரியவை என்று பிரித்தார். “1956-க்கு முன் அகஸ்தீஸ்வரம் தாலுகா எந்த மாநிலத்தில் இருந்தது?” என்பது முன்னதற்கு எடுத்துக்காட்டு. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்று ஒரு நிமிடத்தில் எடுத்துச் சொல்லலாம். “எங்கள் ஊரின் பழைய வரலாறு என்ன?” என்பது பின்னதற்கு எடுத்துக்காட்டு. அதற்குத் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட தொல்லியல் வரிசையில் உள்ள கல்வெட்டுகளைப் புரட்ட வேண்டும். அரசுக் கையேடுகளைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும் கேட்க வேண்டும். முன்னதைப் பின்னதாக எண்ணி வாசகரைக் காக்க வைப்பதும், பின்னதை முன்னதாக எண்ணி வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புவதும் இரண்டும் குறையே.

நெடுந்தேடலுக்குரியதைச் சிற்றூர் நூலகம் ஒன்றே நிறைவேற்ற இயலாது. அப்போது ‘இல்லை’ என்ற சொல்லோடு முடித்துவிடாமல், எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும். மாவட்ட மைய நூலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்றான கன்னிமாரா பொது நூலகம் 1896 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. பழைய தமிழ் இதழ்களும் நாடக அறிவிப்புகளும் கூட வேண்டுமெனில், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் உண்டு.

சில வேளைகளில் விடை நூலகத்தில் இராது. நம் ஆலயத்திலேயே இருக்கும். பாட்டனார் பிறந்த ஆண்டைத் தேடி நூலகத்திற்கு வந்து பழைய செய்தித்தாள் கேட்கிறவருக்கு உதவுவது ஞானஸ்நானப் பதிவேடே. பங்குகளில் இத்தகைய பதிவேடுகள் இருக்க வேண்டுமென்று 16-ஆம் நூற்றாண்டில் திரெந்து பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கு, இன்று குடும்ப வரலாறு தேடுவோர் பலருக்குக் கைகொடுக்கிறது. பங்குத்தந்தையை அணுகி, எந்தப் பங்கு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்ற வழிகாட்டுதலைத் தருவதும் நூலகத் தொண்டில் அடங்கும்.

வத்திக்கானில் காத்திருந்த தமிழ் நூல்

நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகர் உண்டு என்ற விதிக்கு நமக்கு அண்மையான ஒரு சான்று இருக்கிறது. அஞ்சுகிராமத்திற்கு அருகே, மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில், புனித தெரேசாள் பள்ளியில் 1940-களில் ஆசிரியப் பணி செய்தவர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து உரோமையில் பயின்று குருவானவர் அவர். தமிழைப் புலமையோடு கற்கத் தொடங்கியது வடக்கன்குளத்தில் இருந்த நாட்களிலேதான். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடிச் சென்றார்.

முத்துக்குளித்துறையில் உழைத்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது. பதினாறே பக்கங்கள். அவரே 1586-இல் அச்சிட்ட புனிதர் வரலாற்று நூலுக்கு ‘புளோஸ் சாங்க்தோரும்’ என்று இலத்தீனில் தலைப்பு. உள்ளே முழுவதும் தமிழ். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்நூல் தனிநாயகம் அடிகளார் வழியாகவே தமிழ் ஆய்வுலகின் கவனத்திற்கு வந்தது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியின் படியையும் அதே நூலகத்திலிருந்து பெற்று, 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அச்சுப்படியாக வெளியிட்டார்.

அந்நூல்களைக் காத்துவந்தவர்கள் குறை செய்தவர்கள் அல்லர், பத்திரமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் தமிழும் ஐரோப்பிய மொழிகளும் அறிந்த ஒருவர் வந்து, இன்ன நூல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தம் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழில் எழுதி அறிவித்த பின்னரே அவை மற்ற வாசகரை அடைந்தன. பெரிய நூலகங்களில் அவர் செய்ததைச் சிறிய அளவில் நாம் ஒவ்வொருவரும் செய்யலாம். நம் பங்கு நூலகத்தின் மூலையில் பல்லாண்டுகளாக எவரும் தொடாத நூல் ஒன்று இருக்கிறதா? அது எவருக்குப் பயன்படும் என்று சிந்தித்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

நாவடக்கம்

இறுதியாக ஒன்று. சிற்றூரில் யாவரும் யாவரையும் அறிவர். காசநோயைப் பற்றிய நூலை ஒருவர் எடுத்துச் செல்கிறார். மற்றொருவர் குடிப்பழக்கத்தினின்று விடுபடும் வழியைத் தேடுகிறார். வேறொரு பெண் கணவனின் கொடுமையிலிருந்து சட்டம் தரும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறாள். இச்செய்தி நூலகத்தின் வாசலைத் தாண்டி ஆலய முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் பேச்சாகிவிட்டால், இனி அத்தகைய தேவையுடைய எவரும் அந்த வாசலை மிதிக்கமாட்டார். அவர்களுக்குத்தான் நூல் மிக மிகத் தேவை. எனவே இரவல் பேரேட்டைப் பலர் பார்க்கும்படி மேசைமேல் விரித்து வைத்தலாகாது. கேள்வியை உரக்கத் திருப்பிச் சொல்லுதலும் ஆகாது. அலமாரியின் அருகே சென்று தாழ்ந்த குரலில் பேசலாம். இவை சிறு செயல்களே. ஆனால் ஒருவரின் மானம் இவற்றில் அடங்கியிருக்கிறது.

மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் நாமே ஆலோசனை சொல்ல முற்படுவதும் தவறு. நூலைக் காட்டுவது நம் பணி. நோயைக் கணிப்பது மருத்துவர் பணி. “இந்நூலில் இப்பகுதியில் இருக்கிறது, மேற்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள்” என்று நிறுத்திக்கொள்வதே நன்று.

அரங்கநாதன் 1972-இல் மறைந்தார். அவர் நினைவாக ஆகஸ்டு 12-ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளுக்குள் நம் பங்கு நூலகங்களில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கலாமே. மேசைமேல் ஒரு குறிப்பேடு வைப்போம். வந்தவர் கேட்டது என்ன, கிடைத்ததா, கிடைக்காவிடில் எங்கே அனுப்பினோம் என்று மூன்று பத்திகளில் எழுதுவோம். கேட்டவர் பெயரை மட்டும் எழுதாமல் விடுவோம். ஆண்டிறுதியில் அதனைப் புரட்டினால், நம் ஊர் மக்கள் எவற்றைத் தேடித் தவிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு எந்த நூல்களை வாங்குவது என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கும்.